காசு கொடுத்துப் பார்க்கிற யானை

வடகிழக்கு மழை அடங்கி, காட்டுக்குள் மார்கழிக் குளிர் இறங்கியிருந்த நேரம். கூடலூரில் இரண்டு நாள் வாசிப்பு முகாம் முடிந்தது. வந்திருந்த மாணவர்களில் ஏழெட்டுப் பேர், 'இவ்வளவு தூரம் வந்துட்டு யானை பாக்காமப் போறதா தோழர்?' என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் ஆசைதான். ஐம்பது வயசு வரைக்கும் கோயில் யானையையும் சர்க்கஸ் யானையையும் தவிர வேறு யானையைப் பார்த்ததில்லை. மறுநாள் தெப்பக்காட்டில் சீட்டு வாங்கி வண்டியில் காட்டுக்குள் போவதென்று முடிவாயிற்று. போய்வந்த கதையை எழுத எனக்கு அவ்வளவாக ஆசையில்லை. அதற்கு முந்தின ராத்திரி எங்க அத்தை கேட்ட ஒரு கேள்விதான் இதை எழுத வைக்கிறது.

அத்தை, அப்பாவுக்குச் சித்தப்பா மகள். எங்க ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அவளுடைய தாத்தா காலத்தில் பஞ்சத்துக்குப் பயந்து கண்டிச் சீமைக்கு ஓடிய குடும்பம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களைத் தலையெண்ணிப் பங்கு வைத்தார்களே, அதில் இந்தியாவின் பங்கில் விழுந்தவர்கள். ஆறு வயசில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தாள். அங்கே கொழுந்து கிள்ளிய சாதி இங்கேயும் கொழுந்துதான் கிள்ளியது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று அரசு நீலகிரியில் காட்டை வெட்டித் தேயிலை வைத்தது. அதற்கு முன்பே கம்பெனிக்காரர்கள் வெட்டியிருந்தார்கள். யானை நடந்த வழியில் தேயிலை வைத்தவர்கள் அவர்கள். அந்த வழியிலேயே லயம் கட்டி எங்கள் சனத்தைக் குடிவைத்ததும் அவர்கள். அத்தை இப்போது வேலை செய்வது ஒரு தனியார் தோட்டத்தில்.

ராத்திரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: 'நாளைக்குக் காசு கட்டி யானை பாக்கப் போறியளாக்கும்?'

'ஆமா அத்தே. பயலுக ஆசப்படுறானுக.'

'நல்ல கூத்துப்பா இது. யானையப் பாக்காமப் போயிச் சேரணுமின்னு விடியக்காலையில மாரியாத்தாளக் கும்பிட்டுட்டுப் போறோம் நாங்க. நீ என்னடான்னா காசு குடுத்துப் பாக்கப் போறேங்குற. ஒனக்கு அது வேடிக்கை. எனக்கு வகுத்துல புளியக் கரைக்குது. ரெண்டும் ஒரே யானைதானப்பா?'

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

*

காலையில் வண்டியேறினோம். இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, தின்பண்டம் வீசக் கூடாது என்று சொல்லி ஏற்றினார்கள். மழை முடிந்த காடு கண்ணை நிறைக்கிறது. தேக்கும் மருதும் வேங்கையும் கழுவிவிட்ட மாதிரி நிற்கின்றன. மாயாறு நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் விலங்கு பார்க்க இது தோதான காலம் இல்லை என்று டிரைவர் சொன்னார். புல் ஆளுயரம் நிற்கிறது. எங்கே பார்த்தாலும் தண்ணி கிடக்கிறது. மாசி, பங்குனியில் காடு காய்ந்து, மிச்சமிருக்கிற குட்டையைத் தேடி விலங்குகள் வரும்போதுதான் வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியுமாம். அதாவது விலங்குக்குக் கஷ்டகாலம் எதுவோ அதுவே பார்க்கிறவனுக்கு நல்ல காலம். இதை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

புள்ளிமான் கூட்டம் பார்த்தோம். புல்லுக்கு மேலே முதுகு மட்டும் தெரிய நாலு காட்டெருமை. உண்ணிச்செடிப் புதர் ஓரம் மயில். திரும்புகிற சமயத்தில் யானைகள். நாலு பெரிசும் நடுவில் ஒரு குட்டியும். டிரைவர் இஞ்சினை அணைத்தார். பெரிய பெண் யானை காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பி நின்றது. குட்டி அதன் காலுக்குள் ஒதுங்கிக்கொண்டது. வண்டிக்குள் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம். இப்போதும் அதை நான் மறுக்கத் தயாரில்லை. முற்போக்காகச் சிந்திப்பவன் காட்டைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்று ஒரு சட்டமும் கிடையாது.

ஆனால் அந்த நிமிஷத்திலேயே அத்தையின் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பயமில்லாமல் பார்க்கிறேன். இரும்பு வண்டியும், டிரைவரும், சீட்டும் எனக்கும் யானைக்கும் நடுவில் இருக்கின்றன. இதே யானை நாளைக்குத் தேயிலைக்காட்டில் அத்தைக்கு முன்னால் நின்றால், நடுவில் ஒரு கூடைதான் இருக்கும்.

*

'சஃபாரி' என்கிற சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியிலிருந்து வருகிறது. அரபியில் 'சஃபர்' என்றால் பயணம். நம் முஸ்லிம் தோழர்கள் பேச்சில் இன்றும் புழங்குகிற சொல்தான். நடந்து போவதற்குப் பெயராயிருந்த அந்தச் சொல்லை வேட்டைக்குப் பெயராக்கினவர்கள் துரைமார்கள். 1909இல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அப்படிப் போனார். அவரும் மகனுமாகச் சுட்டுத் தள்ளிய விலங்குகள் மட்டும் 512. நூற்றுக்கணக்கான கறுப்புச் சுமைதூக்கிகள் தலைச்சுமையோடு நடந்தார்கள். துரையின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சுமந்தவன் பெயர் எங்கே இருக்கிறது?

எங்க தாத்தாவும் இப்படி ஒரு வேட்டையில் நடந்தவர். பெரிய வீட்டு ஆட்கள் பன்றி வேட்டைக்குப் போகும்போது சேரியிலிருந்து ஆளைக் கூப்பிடுவார்கள். காடு கலைக்க. ஒரு பக்கம் துப்பாக்கியோடு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மறுபக்கமிருந்து எங்க ஆட்கள் பறையடித்து, கூச்சல் போட்டு, முள்ளிலும் புதரிலும் நுழைந்து, விலங்கைத் துப்பாக்கிக்கு நேராக விரட்டிவர வேண்டும். திரும்பிப் பாய்கிற பன்றி முதலில் குத்துவது காடு கலைக்கிறவனைத்தான். தாத்தாவின் தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. கூலி, குடலும் தலையும். சின்ன வயசில் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே, 'தாத்தா எவ்வளவு பெரிய வீரர்' என்று நினைத்திருக்கிறேன். பிற்பாடுதான் புரிந்தது, அந்த வேட்டையில் விரட்டப்பட்டவை இரண்டு என்று.

சட்டம் வந்த கதையும் இதுதான். நீலகிரியில் வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை 1879இல் கொண்டுவந்தார்கள். துரைமார் சுடுவதற்கு விலங்கு மிச்சமிருக்க வேண்டுமே என்கிற கவலை அது. 1882இல் மெட்ராஸ் வனச் சட்டம். காட்டில் பிறந்தவன் விறகெடுத்தால் குற்றம், அரசு மரம் வெட்டினால் வருமானம். 1940இல் முதுமலை சரணாலயமானது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2007இல் புலிகள் காப்பகம். வேட்டையாடின வர்க்கம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டது. அது நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் காடு கலைத்தவன் எங்கே இருக்கிறான்? தெப்பக்காட்டு முகாமில் யானைக்குப் பாகனாய் இருக்கிறான். மழையில் அட்டைக்கடி பட்டு ராத்திரி ரோந்து போகிற வேட்டைத் தடுப்புக் காவலராய் இருக்கிறான். அவர்களில் பலர் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர். பலருக்கு அது தற்காலிக வேலைதான். 2023இல் தெப்பக்காட்டு யானைக்குட்டிகளையும் அவற்றை வளர்த்த காட்டுநாயக்கத் தம்பதியையும் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பிரதமரும் குடியரசுத் தலைவரும் அடுத்தடுத்து வந்து போனார்கள். ஒரு இனத்தை உலகமே பார்த்துவிட்டது. பார்த்ததனால் அந்த இனத்துக்குக் காட்டின் மேல் உரிமை வந்துவிட்டதா?

*

பார்ப்பது என்பது என்ன? இதுதான் என் கேள்வி. யார் யாரைப் பார்க்கலாம், யார் யார் கண்ணில் படக் கூடாது என்பதில்தான் சாதியே நிற்கிறது. தீண்டாமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். காணாமையும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் புரத வண்ணார் பகலில் வெளியே வரக் கூடாது, அவர்களைப் பார்த்தாலே தீட்டு என்று வைத்திருந்ததை 1932இல் 'தி இந்து' நாளிதழில் வந்த செய்தியிலிருந்து அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். நடுச்சாமத்துக்கு மேல் எழுந்து துவைத்து, விடியுமுன் ஒடுங்கிவிட வேண்டும்.

காட்டில் இதே கணக்குத்தான். மனுச நடமாட்டம் கூடுகிற இடங்களில் விலங்குகள் தம்முடைய நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொள்கின்றன. 'இரவில் திரிவது அதன் சுபாவம்' என்று நாம் சொல்வதில் பாதி, நம்மைக் கண்டு பயந்து அது கற்றுக்கொண்டது. பயந்தவன் பழக்கத்தைப் பார்த்து அதுதான் அவன் பிறவிக்குணம் என்பது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். 'அவனுக ராத்திரியில திரியிற சாதி' என்று எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறார்கள்!

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. புரத வண்ணார் ராத்திரியில் துவைத்தது யாருடைய துணியை? எங்களுடைய துணியை. பள்ளர், பறையர் துணியை. மேலே இருப்பவன் பார்வைக்குத் தப்பி ஒடுங்கியிருந்த நாங்கள், எங்களுக்கும் கீழே ஒருவனை இருட்டுக்குள் வைத்திருந்தோம். முதுமலை வண்டியில் நான் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான். ஒரு இடத்தில் பார்க்கப்படுகிறவன் இன்னொரு இடத்தில் பார்க்கிறவனாகிவிடுகிறான். சீட்டு வாங்கக் கையில் காசு வந்துவிட்டால் போதும்.

*

'எங்களை மிருகம் மாதிரி நடத்தாதே' என்று எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறேன். நியாயமான கோபம். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. மிருகத்தை அப்படி நடத்தலாம் என்று அது ஒத்துக்கொண்டுவிடுகிறது. செத்த மாட்டைத் தூக்கியவனை, தோலை உரித்தவனை, கறியைத் தின்றவனை இழிவு என்று ஒதுக்கினார்கள். மிருகத்தோடு ஒட்டியிருந்ததே எங்கள் இழிவுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இழிவைத் துடைக்க மிருகத்திடமிருந்து விலகி ஓடுவதா, அந்த ஏணியையே உடைப்பதா?

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லாட்சிக்கு நம் புலவர்கள் சொல்லும் அடையாளம், புலியும் பசுவும் ஒரே துறையில் தண்ணி குடித்தது. அந்தத் துறையில் சேரிக்காரன் குடித்தானா என்று ஒரு புலவரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. 1927இல் மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் ஆடுமாடுகள் குடித்தன. அம்பேத்கரும் தோழர்களும் மார்ச் 20இல் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்ததும் குளம் தீட்டாகிவிட்டது. சாணியும் கோமியமும் கலந்து ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். அதற்கு 95 வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம். ஊர்ப் பெயரிலேயே வேங்கை இருக்கிறது. 2025 ஜனவரியில் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது. பாதிக்கப்பட்ட பக்கத்திலிருந்தே மூன்று பேர் மேல். மக்கள் அதை ஏற்கவில்லை. யானையும் தண்ணிக்குள் நின்றுகொண்டு சாணி போடும், முதுமலையில் பார்த்தேன். ஆனால் இன்னார் குடிக்கிற தண்ணி என்று பார்த்துப் போடாது.

இதைச் சொல்லிக் காட்டைச் சமத்துவபுரம் ஆக்கிவிடவும் நான் விரும்பவில்லை. காட்டுக் குட்டையில் மானும் புலியும் ஒன்றாகக் குடிப்பதில்லை. ஒன்றுக்கொன்று பயந்து நேரம் பிரித்துக் குடிக்கின்றன. ஆனால் புலி, மானை அடித்துத் தின்கிறதே தவிர, 'நீ குடிக்கத் தகுதியில்லாத பிறவி' என்று அதனிடம் சொல்வதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இழிவுபடுத்துவது மனுசன் கண்டுபிடித்தது.

*

இனிக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பல பேர் மலைவாழ் மக்கள். எல்லோரும் ஏழைகள். மரத்தை வாங்கிக் கடல் தாண்டி விற்றவன் அந்தப் பட்டியலில் இல்லை. 2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடிப் பக்கம் நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்கிற புலியைத் தேடினார்கள். சுட உத்தரவு பிறந்தது. உயர்நீதிமன்றம், கொல்லாதே என்றது. மூன்று வாரம் காட்டைச் சல்லடை போட்டுத் தேடி, மயக்க ஊசி போட்டு, 15ஆம் தேதி உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிறு எரிகிறதா? எனக்கு எரிந்தது. முகாமில் ஒரு மாணவர் எழுந்து, 'தோழர், இந்த நாட்ல புலியாப் பொறந்திருக்கணும்' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு யோசித்தேன். இதிலிருந்து வருகிற முடிவு என்ன? புலியைச் சுட்டிருக்க வேண்டும் என்பதா? அப்படியானால் சேஷாசலத்து நீதியை மசினகுடிக்கும் விரிக்கச் சொல்கிறோம். புலிக்குக் கிடைத்த பொறுமை, விசாரணை, 'உயிரோடு பிடி' என்கிற ஒரு சொல், அந்த 20 பேருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் சரியான முடிவு. ஒரு உயிருக்குக் கொடுத்ததைப் பிடுங்குவதால் இன்னொரு உயிருக்கு நியாயம் வந்துவிடாது.

ஆகவே புலியா மனுசனா என்கிற கேள்வியே தப்பு. அதை நம்மிடம் கேட்கிறவர்கள் புலிக்கும் மனுசனுக்கும் நடுவில் இல்லாதவர்கள். புலி இருக்க வேண்டும், யானை இருக்க வேண்டும், சம்மதம். அதற்கு விலை யார் கொடுப்பது என்று கேட்போம். தான்சானியாவில் 1959இல் செரெங்கெட்டியை விட்டு மாசாய் மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. இன்று அங்கே போய் 'மனுச வாடையே இல்லாத காடு' என்று மெய்மறக்கிறார்கள். வாடை தானாகப் போகவில்லை, போக்கினார்கள். இங்கே 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் கணக்குச் சொல்கிறது: காப்பகங்களின் மையப் பகுதியில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள். இவர்களை இடம் மாற்றுவதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டுமாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? முதலில் உரிமையை அங்கீகரி, சேர்ந்து வாழ முடியாது என்று நிரூபி, கிராம சபையின் சுதந்திரமான சம்மதத்தை வாங்கு, பிறகு பேசு என்கிறது.

முதுமலைக்குள் இருந்த ஊர்களில் நிலம் வைத்திருந்த செட்டிகளும் இருந்தார்கள். அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்த பணியரும் இருந்தார்கள். 'மக்கள்' என்று மொத்தமாகச் சொல்லும்போது, குடும்பத்துக்கு இத்தனை இலட்சம் என்று மொத்தமாகக் கணக்குப் போடும்போது, இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. பத்திரமும் பாங்கும் தெரிந்தவனுக்கு அது பணம். காட்டைத் தவிர வேறெதுவும் தெரியாதவனுக்கு அது தரகன் கைக்குப் போகிற காகிதம். பக்கத்திலேயே கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் 2011இல் சோளிகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. அதற்குப் பிறகும் அங்கே புலி இருக்கிறது. மனுசனைத் துரத்தினால்தான் புலி பிழைக்கும் என்பது வேதவாக்கு அல்ல.

சஃபாரி போவது பாவமா என்று மாணவர்கள் கேட்டார்கள். பாவ புண்ணியக் கணக்கு நம்முடையது அல்ல என்றேன். ஆனால் பார்ப்பது ஒரு கடன். அந்தக் காட்சி யார் யார் முதுகில் ஏறி நம் கண்ணுக்கு வந்தது என்று கேட்காமல் திரும்புகிறவன், கடனைத் திருப்பாமல் ஓடுகிறவன். தோட்ட லயங்களுக்கு விளக்கும், வீட்டோடு கக்கூசும், ரோந்து போகிற காவலருக்கு நிரந்தர வேலையும், பழங்குடிக்குக் காட்டு உரிமையும் கேட்காத வனவிலங்குப் பிரியம், பெரிய வீட்டு வேட்டையின் மிச்சம்தான்.

*

மறுநாள் அதிகாலை அத்தையோடு பெரட்டுக்குப் போனேன். சும்மா துணைக்கு. இருட்டு. பனி. டார்ச் லைட்டை அவள் தரையில் மட்டும் அடித்துக்கொண்டு வந்தாள். பலாமரத் திருப்பத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். 'நில்லு. வாடை வருது.' லைட்டை அணைத்துவிட்டாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பிறகு கிளை முறிகிற சத்தம். இருட்டுக்குள் இன்னும் கெட்டியான இருட்டு ஒன்று அசைந்தது. முந்தின நாள் கண்ணில் தண்ணி வந்தது. இப்போது கால் நடுங்கியது. அத்தை வாய்க்குள்ளேயே, 'போ சாமி, போயிரு சாமி' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் நின்றிருப்போம்.

'போயிருச்சு, வா' என்றாள்.

'பயமாருந்துச்சா அத்தே?'

'பயமில்லாம? அதுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும். குட்டியோட வந்துருக்கு பாரு' என்று சேற்றில் லைட்டை அடித்துக் காட்டினாள். பெரிய தடத்துக்குள்ளேயே ஒரு சின்னத் தடம்.

பெரட்டுக் களத்துக்குப் போகும்போது நேரம் தப்பிவிட்டது. யானை வந்துச்சு என்று சொன்னதைக் கணக்கப்பிள்ளை காதில் வாங்கவேயில்லை. அன்றைக்கு அத்தைக்கு அரைப்பேர்தான் போட்டார். தெப்பக்காட்டு யானைக்கு நான் சீட்டு வாங்கினேன். இந்த யானைக்கு அத்தை கட்டினாள். அவள் இப்படி வருஷம் பூராவும் கட்டிக்கொண்டிருக்கிறாள்.